மிதிவண்டி ஏன் நெளிகிறது?

தாராபுரம்–கரூர் சாலையில், மூலனூர் வழியே மிதிவண்டியில் பள்ளி செல்பவரா நீங்கள்? “நேராக ஓட்டத் தெரியாதா?” என்று பேருந்து ஓட்டுநர் அதட்டியிருக்கலாம். ஆனால் மிதிவண்டியைக் கோடு போட்டாற்போல் ஓட்ட எவராலும் இயலாது! வண்டி சாயும் பக்கம் கைப்பிடியைச் சற்றே திருப்பித்தான் நாம் விழாமல் இருக்கிறோம். வேகம் குறைந்தால் நெளிவு கூடும். பேருந்து நெருங்கிக் கடந்தால், அதன் முகப்புக் காற்று உங்களை வெளியே தள்ளும். மறுகணம் பக்கவாட்டில் அழுத்தம் குறைந்து உள்ளே இழுக்கும்.

ஓட்டுநரின் சங்கடம் வேறு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பேருந்து ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். உங்களைக் கண்டு பிரேக்கை மிதிக்கவே ஏறத்தாழ ஒரு நொடியாகும்!

ஆகவே, திரும்புமுன் பின்னால் பார்த்துக் கை காட்டுங்கள். ஓட்டுநரும் ஒன்றரை மீட்டராவது விலகிக் கடக்கட்டும். நெளிவுக்கும் காற்றுக்கும் அவ்வளவு இடம் வேண்டும்.