தாத்தா டைரியில் இத்தனை மர்மமா? தெரியுமா?

பங்காருபேட்டை வீட்டுப் பரணில் பழைய டைரி ஒன்று கிடைக்கிறது. ‘கோழிக் கிறுக்கல்’ என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்! அந்தக் கிறுக்கலுக்குள் என்னென்ன இருக்கிறது தெரியுமா?

● ‘பௌரிங்பேட்டை’ என்று எழுதியிருக்கிறதா? வேறு ஊர் இல்லை, பங்காருபேட்டையேதான்! மைசூர் கமிஷனர் லெவின் பௌரிங்கின் பெயரால் வந்த பழைய பெயர் அது.

● பக்கத்தின் உச்சியில் ‘உ’ இருந்தால் பிள்ளையார் சுழி. அதே ‘உ’ கணக்குக்கு நடுவே வந்தால் எண் 2! ‘க’ போலிருந்தால் 1, ‘எ’ 7, ‘அ’ 8, ‘ய’ 10. ௴ மாதம், ௵ வருஷம், ௹ ரூபாய்!

● புள்ளியே இல்லையா? தாத்தாவுக்கு எழுத்துப்பிழை என்று நினைக்காதீர்கள். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். அந்தப் பழக்கம் காகிதத்துக்கும் வந்துவிட்டது. ‘கல’ என்று எழுதியிருப்பது ‘கல’வா, ‘கல்’லா என்பதை அடுத்த சொல்தான் சொல்லும். துணைக்காலும் ‘ர’வும் ஒரே மாதிரி இருந்தால் இன்னும் வேடிக்கை!

● ‘லை’, ‘னை’ எழுத்துகளுக்கு யானைத் துதிக்கை முளைத்திருக்கிறதா? தமிழ்நாடு அரசு 1978-ல் எழுத்தைச் சீர்திருத்தும் வரை அச்சிலும் அப்படித்தான்!

● ‘நள வருஷம்’ என்று மட்டும் இருந்தால்? 60 ஆண்டுக்கொரு முறை அதே பெயர் திரும்பி வரும். 1916-ஆ, 1976-ஆ? அரிசி விலையைப் பாருங்கள்! ரூபாய், அணா, பை என்று கணக்கு இருந்தால் 1916. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா வந்துவிட்டதே!

● பழைய வீட்டில் டைரி கிடைப்பது புதிதல்ல! புதுச்சேரி துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, அவர் குடும்பத்து வீட்டில்தான் கிடந்தது. 1846-ல் கலுவா மொம்ப்ரேன் என்பவர் அதைக் கண்டெடுத்தார். ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளிவர 1904 தொடங்கி 1928 ஆகிவிட்டது!

● கிறுக்கலைப் படிக்கத் திணறுவதும் புதிதல்ல! லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸ் தன் டைரியைச் சுருக்கெழுத்தில் எழுதினார். ஜான் ஸ்மித் என்ற மாணவர் மூன்று ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டு படித்து முடித்தார். அந்தச் சுருக்கெழுத்தைக் கற்றுத்தரும் புத்தகமோ, டைரி இருந்த அதே பீப்ஸ் நூலகத்தில் இருந்தது!

● இரும்புச்சத்துள்ள பழைய மை மங்கிப் பழுப்பாகிவிட்டதா? கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா விளக்கைச் சிறிது நேரம் காட்டினால், மங்கிய வரியும் கறுத்துத் தெரியும்!

செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். பிறகு வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்திருந்தால் எந்த ஷிஃப்ட், எந்த லைன் வீடு (தொழிலாளர் குடியிருப்பு), யார் யாருக்குக் கடன் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் சட்டென்று பிடிபடும். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்கள்!