துறைமுகத்து உணவும் உழைப்பும்



திருக்கோணமலைக்கு ஒருபுறம் கடல் மீனை அளிக்கின்றது; மறுபுறம் தம்பலகாமத்து வயல்களும் கந்தளாய்க் குளத்து நீரும் நெல்லை அளிக்கின்றன. இத்துணை வளம் இருந்தும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் வீடுகளிற் குடிபுகுந்தது ஏன்?

விடை காண, முதலில் நம் உண்கலத்தை நோக்குவோம். வெள்ளைச் சோறு குன்றுபோற் குவிந்திருக்கும். கறியும் கீரையும் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். சோறு ஆற்றல் தருவது. அதனை இகழ்தல் தகாது. ஆயினும், அரிசியைத் தீட்டத் தீட்டத் தவிட்டோடு உயிர்ச்சத்தும் நார்ப்பொருளும் நீங்கிவிடுகின்றன. 1890களில் யாவாத் தீவின் பத்தேவியா நகரில் எய்க்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிடு நீங்காத அரிசியை உண்டபின் தேறுவதையும் கண்டார். பெரிபெரி நோயின் காரணத்தை அறிய வழிதிறந்த அவ்வாராய்ச்சிக்காக 1929இல் நோபெல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. நம் முன்னோர் நெல்லைப் புழுக்கிக் குற்றி உண்டதன் பயன் இதனால் விளங்கும். புழுக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பகுதி அரிசியினுள்ளே சென்று தங்கிவிடுகின்றது.

ஆகவே, உண்கலத்திற் பாதியைக் கீரைக்கும் காய்க்கும் ஒதுக்குக. காற்பகுதியில் குத்தரிசிச் சோறோ குரக்கன் பிட்டோ இருக்கட்டும். எஞ்சிய காற்பகுதி மீனுக்கும் பருப்புக்கும் உரியது. விலை மிகுந்த அறக்குளாவை எண்ணி ஏங்கவேண்டுவதில்லை. மலிவான சூடையிலும் நெத்தலியிலும் புரதமும் இதயத்துக்கு நலந்தரும் கொழுப்பும் உண்டு. முள்ளோடு உண்ணும் நெத்தலி சுண்ணாம்புச் சத்தையும் தரும். முருங்கையிலையோ வேலியிலேயே கிடைக்கின்றது. கருவாட்டில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சம்பலிலும் சொதியிலும் சேரும் உப்பும் இக்கணக்கில் அடங்கும்.

இனி உழைப்பைப் பார்ப்போம். சான்பிரான்சிஸ்கோத் துறைமுகத் தொழிலாளர் 6,351 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வின் முடிவைப் பாபென்பார்கர் என்னும் மருத்துவர் 1975இல் வெளியிட்டார். பாரம் சுமந்து கடுமையாக உழைத்தோரைவிட, இலகுவான பணி செய்தோரே இதய நோயால் மிகுதியாக மாண்டனர். இச்செய்தி நமக்கும் உரியதே. தோள் சுமந்த பாரத்தை இன்று பாரந்தூக்கி சுமக்கின்றது. துடுப்பு வலித்த கை இயந்திரத்தின் பிடியைப் பற்றியிருக்கின்றது. உழைப்புக் குறைந்தது, சோற்றின் அளவோ குறையவில்லை. இந்த இடைவெளியிலேதான் நோய் நுழைகின்றது.

இயந்திரத்தை விலக்கவேண்டுவதில்லை. வாரத்தில் 150 நிமிடமேனும், அதாவது ஐந்து நாட்களில் நாளுக்கு அரைமணி நேரம், விரைந்து நடத்தல் போதுமானது. நடக்கும்போது பேச இயலவேண்டும், பாட இயலாதிருக்கவேண்டும். அதுவே விரைவின் அளவு. பிரெட்றிக் கோட்டை வாயில் கடந்து கோணேசர் கோயிலுக்கு நடந்து ஏறுவோர்க்கு வழிபாடும் பயிற்சியும் ஒருங்கே கிட்டும். மார்புவலி உடையோரும் நெடுநாள் நோயுற்றோரும் மருத்துவரை வினவிய பின்னரே தொடங்குக.

இல்லத்தரசியர்க்கு ஒரு சொல். அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கத்தால், மீனும் கீரையும் தாய்க்குக் கிட்டாமற் போகின்றன. சமைத்தவுடன் உங்கள் பங்கையும் எடுத்து வையுங்கள். தாய் நலிந்தால் வீட்டின் அடுப்பும் நலியும் அன்றோ?