பருத்திப் பூவும் ஒரு பேராசிரியரும்

சாகுபுரத்து இரஸாயனத் தொழிற்சாலையில் உப்பு நீரினூடே மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடாவையும் குளோரினையும் பிரித்தெடுக்கிறார்கள். கடலோரத்து உப்பே இத்தனை பொருள்களைத் தருமென்றால், அதே ஜில்லாவின் கரிசல் மண்ணில் மலரும் பருத்திப் பூ என்ன தரும்? இக்கேள்வியைத் தம் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் ஒரு தமிழர். குளித்தலையில் 1900-ம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி பிறந்த டாக்டர் டி. ஆர். சேஷாத்ரி அவர்.

சென்னை மாகாணக் கல்லூரியில் பயின்று, 1927-ல் மாஞ்செஸ்டர் சென்று, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ராபின்ஸனிடம் மலேரியா மருந்துகளைப் பற்றி ஆராய்ந்தார். 1929-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. அடுத்து ஆஸ்திரியாவில் பிரெகல் என்னும் அறிஞரிடம், சில மில்லிகிராம் பொருளைக் கொண்டே அதன் மூலகங்களை அளந்தறியும் வித்தையைக் கற்றார். கூடை கூடையாகப் பூக்களைக் கொதிக்கவைத்தாலும் கிடைக்கும் நிறப்பொருள் ஒரு சிட்டிகைதான். ஆகையால் அந்த வித்தை பிற்பாடு பெரிதும் கைகொடுத்தது.

தாயகம் திரும்பிக் கோயம்புத்தூரில் மண் ஆராய்ச்சி செய்தபின், வால்டேரிலுள்ள ஆந்திர ஸர்வகலாசாலையில் இரஸாயனப் பகுதியை ஏற்றார். பருத்தி, பூவரசு முதலிய மலர்களின் மஞ்சள் நிறப்பொருள்களைப் பிரித்து அவற்றின் அமைப்பை வகுத்தார். அவற்றைச் சோதனைக் குழாயில் செயற்கையாக ஆக்கியும் காட்டினார். மருந்து இரஸாயனத்தைப் பட்டப் படிப்பாக்கவும் அங்கே முன்நின்றார். மருந்து கலப்பது கம்பவுண்டரின் கைப்பழக்கம் என்று ஜனங்கள் எண்ணியிருந்த காலம் அது! யுத்தத்தின்போது ஸர்வகலாசாலையே குண்டூருக்குப் பெயர்ந்தது, ஆராய்ச்சியோ நின்றபாடில்லை.

1949-ல் தில்லி ஸர்வகலாசாலைக்குச் சென்றார். 1960-ல் லண்டன் ராயல் ஸொஸைட்டி அவரைத் தன் அங்கத்தினராக்கியது. 1963-ல் பத்மபூஷண் வந்தது. 1965-ல் ஓய்வு பெற்ற பிறகும், 1975-ல் காலமாகும்வரை ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. அவர் வழிகாட்டி டாக்டர் பட்டம் பெற்றவர்கள் 100 பேருக்கு மேல்.

ஒரு மருந்து ஒரு வியாதியைத் தீர்க்கும். மருந்தைக் கண்டறியக்கூடியவர்களை ஆக்குபவரோ ஆசிரியர். மகனோ மகளோ மருந்து இரஸாயனம் படிக்க வேண்டுமென்றால், "மருந்துக்கடை வைக்கவா?" என்று கேட்கும் பெற்றோர் இன்றும் உண்டு. கடை வைப்பதும் கண்ணியமான தொழிலே. ஆனால் அந்தப் படிப்பு கடைவாசலோடு முடிவதில்லை என்பதற்குக் குளித்தலைப் பேராசிரியரின் வாழ்க்கையே சாட்சி.