இ.டி.பி.யா, எக்ஸ்ட்ரேயா?

ஒரே பெயர், ஒரே கம்பெனி, இரண்டு புட்டி. ஒன்றின் மேல் 'ஓ த பர்ஃபம்' (சுருக்கமாக இ.டி.பி.) என்றும் இன்னொன்றின் மேல் 'எக்ஸ்ட்ரே த பர்ஃபம்' என்றும் போட்டிருக்கும். விலையில் பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம். துபாயில் ஒரு மாலில் செண்ட் கவுண்டரில் பல வருடம் நின்றவன் நான். ஆட்கள் திகைத்து நிற்பது இந்த இடத்தில்தான். நம்ம ஊர்க்காரர் என்றால் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ரெண்டுல எது ஸ்ட்ராங்கு? அதையே போடுங்க" என்பார். விலை கூடினது ஸ்ட்ராங், ஸ்ட்ராங்கானது நெடுநேரம் நிற்கும், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. பெரும்பாலும் அது தப்பாகவே முடியும்.

வாசனை எண்ணெய்களின் கலவையை எத்தில் ஆல்கஹாலில் கரைத்தால் செண்ட். கூடக் கொஞ்சம் தண்ணீர் சேரும். எண்ணெய் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பங்கு இருந்தால் கொலோன், பதினைந்து வரை இ.டி.டி. என்கிற ஓ த துவாலெத், பதினைந்திலிருந்து இருபது இ.டி.பி., அதற்கு மேல் நாற்பது வரை எக்ஸ்ட்ரே என்பது தொழிலில் உள்ள வழக்கம். வழக்கம் மட்டும்தான். ஒரு கம்பெனியின் இ.டி.பி.யை விட இன்னொரு கம்பெனியின் இ.டி.டி. கனமாக இருப்பதை எத்தனையோ முறை முகர்ந்திருக்கிறேன்.

டிகாஷனைக் கூடக் குறைய ஊற்றிக் காபி கலப்பது மாதிரி, அதே எண்ணெயைத்தான் இதில் குறைவாகவும் அதில் அதிகமாகவும் ஊற்றுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்கிற கம்பெனிகளும் இல்லாமல் இல்லை. ஆனால் நல்ல கம்பெனிகளில் பாகமே வேறாக இருக்கும். ஷனேல் நம்பர் 5-ஐ எர்னஸ்ட் போ 1921-ல் செய்தார். இன்று கடையில் கிடைக்கும் அதன் இ.டி.பி. 1986-ல் ழாக் போல்ழ் செய்தது. இரண்டுக்கும் நடுவே அறுபத்தைந்து வருடம், இரண்டு வேறு கைகள். டியோரின் சவாஜ் 2015-ல் இ.டி.டி.யாக வந்தது, பிறகு 2018-ல் இ.டி.பி., 2019-ல் பர்ஃபம், 2021-ல் எலிக்ஸிர். நான்கையும் நான்கு காகிதப் பட்டைகளில் அடித்து நீட்டினால், ஒரே பெயர் என்று சொன்னால்தான் தெரியும்.

என் கவுண்டரில் இந்தக் கேள்வி அதிகம் எழுந்தது பக்கரா ரூழ் 540-க்கு. பாரிஸைச் சேர்ந்த பிரான்ஸிஸ் குர்க்ஜியான் செய்தது. ழான் போல் கோத்தியேவுக்காக 1995-ல் 'லெ மால்' செய்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துக்குக் கொஞ்சம் மேல். 2009-ல் மார்க் ஷாயாவுடன் சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார். பக்கரா என்கிற படிகக் கண்ணாடிக் கம்பெனியின் 250-ஆம் ஆண்டுக்காக 250 படிகப் புட்டிகள் மட்டும் போட்டார்கள். அந்த வாசனை பிடித்துப்போய் 2015-ல் இ.டி.பி.யாகப் பொதுவுக்கு வந்தது, 2017-ல் எக்ஸ்ட்ரே வந்தது. படிகத்தில் 24 காரட் தங்கம் இணைந்து சிவப்பாக மாறும் வெப்பநிலைதான் அந்த 540 டிகிரி.

இ.டி.பி.யில் எடுத்தவுடன் முகத்தில் அடிப்பது குங்குமப்பூவும் பஞ்சுமிட்டாயும். பஞ்சுமிட்டாய் வாசத்துக்கு எத்தில் மால்டால் என்ற பொருள் காரணம். அதற்கு அடியில் சூடான, கொஞ்சம் உப்புக் கரித்த ஒரு மினுமினுப்பு இருக்கிறதே, அதை ஆம்பர்கிரீஸ் என்று எழுதியிருப்பார்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளில் திமிங்கல எச்சம் பிடிபட்டதாகப் பத்திரிகையில் படிக்கிறோமே, அதே ஆம்பர்கிரீஸ். 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி நம் நாட்டில் அதை வைத்திருப்பதே குற்றம். இந்த வகைச் செண்டுகளில் அந்த வாசத்தைக் கொடுப்பது பெரும்பாலும் ஆம்ப்ராக்ஸன். கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு ஆலையில் செய்யலாம். திமிங்கலத்துக்கு ஒரு கேடும் இல்லை. எனக்கு இதில் உள்ளபடியே சந்தோஷம்.

எக்ஸ்ட்ரேயில் கசப்புப் பாதாம் ஒன்று கூடுதலாக வந்து உட்காருகிறது. மல்லிகையும் மரவாசமும் தடித்திருக்கும். பஞ்சுமிட்டாய் பின்னால் ஒதுங்கிவிடும். புட்டியும் முழுச் சிவப்பு. விலை இ.டி.பி.யைப் போல ஒன்றரை மடங்கை நெருங்கும். என் மூக்குக்கு இ.டி.பி. காற்றோட்டமானது, எக்ஸ்ட்ரே உடம்போடு ஒட்டிக் கிடப்பது. ஒன்றின் ஸ்ட்ராங்கான வடிவம் மற்றது என்று எந்த வாடிக்கையாளரிடமும் நான் சொன்னதில்லை.

அபுதாபியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி மனைவியோடு வந்தது ஞாபகம் இருக்கிறது. கல்யாண நாள் வருகிறது, எக்ஸ்ட்ரேதான் வேண்டும் என்று முடிவோடு வந்திருந்தார். இடது மணிக்கட்டில் இ.டி.பி., வலது மணிக்கட்டில் எக்ஸ்ட்ரே, ஒவ்வொரு அடி அடித்துவிட்டேன். இரண்டு கையையும் சேர்த்துத் தேய்க்கப் போனார், தடுத்தேன். தேய்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. "மாலைச் சுத்திட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க தம்பி" என்று அனுப்பினேன். திரும்பி வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. "அண்ணே, இடது கையில ஒண்ணுமே இல்லண்ணே, பறந்துபோச்சு." பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "ஏங்க, எஸ்கலேட்டர்ல நீங்க முன்னாடி நிக்கிறப்பகூட அந்தக் கைதாங்க எனக்கு அடிச்சுது. வலது கையை மூக்குகிட்ட கொண்டுவந்தாத்தான் தெரியுது, ஆனா அது ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

அவர்கள் இருவரும் சொன்னது சரிதான். சில பெரிய மூலக்கூறுகளுக்கு மூக்கு சீக்கிரம் பழகி, உணர்வதை நிறுத்திவிடும். சில கஸ்தூரி வகைப் பொருள்களைப் பிறவியிலேயே முகர முடியாதவர்களும் உண்டு. பக்கரா ரூழை அடித்துக்கொண்டு, "போலிச் சரக்கைக் கொடுத்துட்டீங்க" என்று சண்டைக்கு வந்தவர்கள் நின்ற இடத்தில் வராந்தா முழுக்க மணத்துக்கொண்டிருக்கும். செண்ட் நிற்கிறதா என்று தன் மூக்கை மட்டும் கேட்டு முடிவு செய்வது அதனால்தான் ஆபத்து.

எண்ணெய் அதிகமான எக்ஸ்ட்ரே ஏன் அடங்கி இருக்கிறது? ஆல்கஹால் தோலில் பட்டதும் கிளம்பிவிடும். கிளம்பும்போது எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி இலேசான வாசங்களையும் வாரிக்கொண்டு போகும். இ.டி.பி. அடித்தவுடன் அறை நிறைவது அதனால். எக்ஸ்ட்ரேயில் ஆல்கஹாலின் பங்கு குறைவு. மெதுவாக ஆவியாகும் கனமான எண்ணெய்கள் அதிகம் இருந்து, இலேசானவற்றையும் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்கின்றன. நெடுநேரம் நிற்பது வேறு, தூரம் போவது வேறு. முதலாவதற்கு எக்ஸ்ட்ரே, இரண்டாவதற்குப் பெரும்பாலும் இ.டி.பி. விதிவிலக்குகள் நிறைய.

இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் நான் காயல்பட்டினத்துக்காரன். வாப்பா வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும் முன் அத்தரில் நனைத்த சின்னப் பஞ்சுத் துணுக்கைக் காது மடலுக்குள் வைத்துக்கொள்வார்கள். கன்னோஜில் செப்புப் பானைகளில் பூவைக் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கிச் செய்வது அத்தர். அதில் ஆல்கஹாலே கிடையாது. தெருவில் போகிறவருக்குத் தெரியாது, தோள் தழுவி சலாம் சொல்கிறவருக்குத் தெரியும். நல்ல எக்ஸ்ட்ரேயின் குணமும் அதுதான். எக்ஸ்ட்ரேயில் எண்ணெய் எவ்வளவு என்பதை ஓமானின் அமுவாஜ் கம்பெனி வெளிப்படையாகவே சொல்கிறது: இன்டர்லூட் 53, ஜூபிலேஷன் 40 என்று எண்ணெயின் சதவீதத்தையே பெயரில் போடுகிறார்கள். 2012-ல் வந்த இன்டர்லூட் மேன் இ.டி.பி. சாம்பிராணியும் ஆரெகானோவுமாகக் கதவைத் திறந்தாலே முட்டும். ஐம்பத்து மூன்று சதவீதமுள்ள புட்டியோ மழமழப்பாக இருக்கிறது. எண்ணைப் பார்த்துப் பயந்தவர்கள் அடித்துப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள்.

என்ன வாங்கலாம் என்று என்னைக் கேட்டால், எங்கே போடப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். சித்திரை வெயிலில் பைக்கில் போய், ஏ.சி. அறையில் பத்துப் பேரோடு உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு இனிப்பான இ.டி.பி. இரண்டு அடியே அதிகம். சூட்டில் ஆவி கிளம்பி, மூடிய அறையில் தேங்கி, பக்கத்து மேசைக்காரருக்குத் தலைவலி வரும். அவருக்கு எக்ஸ்ட்ரே ஒரு அடி, சட்டைக்கு உள்ளே, நெஞ்சில். திறந்தவெளிக் கல்யாண வரவேற்பில் எக்ஸ்ட்ரே வீண், அங்கே இ.டி.பி. வேலை செய்யும். தினமும் போட ஆசைப்பட்டு, ஒரு புட்டி ஒரு வருடம் வரவேண்டும் என்று பார்க்கிறவர் இ.டி.டி. இருந்தால் அதை வாங்கலாம், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. வெள்ளைச் சட்டை, பட்டுப் புடவை மேல் எக்ஸ்ட்ரே அடிக்காதீர்கள்; எண்ணெய்க் கறை விழ வாய்ப்புண்டு.

முழுப் புட்டிக்கு முன் இரண்டு மில்லி டீகான்ட் வாங்குங்கள். பெரிய புட்டியிலிருந்து சின்னக் குப்பியில் ஊற்றி விற்கும் ஆட்கள் இப்போது நம் ஊரிலும் இருக்கிறார்கள். தெரிந்தவர் மூலம் நம்பிக்கையான ஆளாகப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு வகையிலும் ஒவ்வொரு குப்பி. ஒரு வேலை நாளில் ஒன்று, அடுத்த வேலை நாளில் இன்னொன்று. கடையின் ஏ.சி.யில் காகிதப் பட்டையில் நன்றாக இருந்தது வியர்வை பட்ட தோலில் மாறும். மத்தியானம் சாப்பாட்டு வேளையில், பிறகு வீடு திரும்பியதும் கூட இருப்பவரிடம் கேளுங்கள். "வாசம் வருதா" என்று மட்டும் கேட்டால் போதாது. எவ்வளவு தூரத்தில் வருகிறது, பிடித்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அந்தத் தம்பி கடைசியில் எக்ஸ்ட்ரேதான் வாங்கினார். வந்தபோது சொன்ன காரணத்துக்காக அல்ல. மனைவிக்குக் கிட்டத்தில் அதுதான் பிடித்திருந்தது, அவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஆபீஸுக்கு என்று தனியாக ஒரு சின்ன இ.டி.பி. சாம்பிள் கொடுத்துவிட்டேன்.