பழைய மோட்டார் சைக்கிள்களைச் சேர்ப்பவர்களுக்கு

ஒரு காலத்தில் பழைய இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள்களைத் தேடித் தேடி வாங்கி, சீர்செய்து, வீட்டு முன்கூடத்திலும் மாடிப்படியின் அடியிலும் வரிசையாக நிறுத்திவைக்கும் அன்பர்கள், சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் முதலிய நகரங்களில் மட்டுமன்றிச் சிறிய ஊர்களிலும் இன்று பெருகியிருக்கிறார்கள். இது நல்ல ரசனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு தேசத்தின் தொழிற் சரித்திரத்தில் ஒரு பகுதி ஏடுகளில் இருக்கிறதென்றால், மற்றொரு பகுதி அதன் தொழிற்சாலைகள் செய்தனுப்பிய யந்திரங்களிலே இருக்கிறது. அவற்றைக் காப்பாற்றுகிறவர்கள் நமக்கெல்லாம் உபகாரம் செய்கிறவர்களே. ஆனால் அந்த ரசனை ஒரு வண்டியிலிருந்து இரண்டாகி, இரண்டிலிருந்து பத்தாகும்போது, அதனால் விளையும் செலவையும் இட நெருக்கடியையும் முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவர்கள் மிகச் சிலராக இருக்கிறார்கள். ஆகையால் இதைக் குறித்துச் சில விஷயங்களை நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

இவ்வண்டிகளின்மேல் நம்மவர்க்குள்ள அபிமானத்துக்குத் தக்க காரணங்கள் உண்டு. இங்கிலாந்தில் ரெடிச் என்னும் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் கூட்டுறவுடன் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1955-ஆம் ஆண்டில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் 350 சி.சி. புல்லட்டை உற்பத்தி செய்யலாயிற்று. தாய்க் கம்பெனி 1970-இல் மோட்டார் சைக்கிள் உற்பத்தியையே விட்டுவிட்ட பிறகும் திருவொற்றியூர் அதை விடவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவாவை மைசூரில் செய்து, பின்னர் அதற்கு யெஸ்டி என்று பெயர் சூட்டி விற்ற ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. யமஹாவின் துணைகொண்டு எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-இல் வெளியிட்ட ராஜ்தூத் 350, இரட்டைச் சிலிண்டரும் ஆறு கியரும் உடையதாய், அந்நாளைய இந்தியச் சாலைகளுக்கு மிஞ்சிய வேகத்தோடு வந்து, பெட்ரோலை மிகுதியாகக் குடித்ததாலும் உதிரிபாகங்களின் விலையாலும் சில ஆண்டுகளுக்குள்ளேயே நின்றுபோயிற்று. 1985-இல் வந்து இளைஞர்களின் உள்ளத்தைக் கொள்ளைகொண்ட யமஹா ஆர்.எக்ஸ். 100, புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் கடுமையானபோது 1996-இல் நிறுத்தப்பட்டது.

அதே 1985-இல் வெளிவந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, ஒரு லிட்டர் பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடிக் காட்டவே, கனத்த வண்டிகளையும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளையும் ஜனங்கள் மெள்ள மெள்ளக் கைவிட்டார்கள். அவ்வாறு கைவிடப்பட்டவை உடைக்கப்பட்டுக் குறைந்துபோனதால், எஞ்சியவற்றுக்கு இன்று கிராக்கி. மாணவப் பருவத்தில் பிறர் ஓட்டக் கண்டு ஏங்கிய வண்டியை, நாற்பதிலும் ஐம்பதிலும் கையில் பணம் வந்தபின் வாங்க வருகிறவர்கள் விலை பேசுவதில்லை. ஆர்.சி. ஒழுங்காகவும் பாகங்கள் அசலாகவும் உள்ள ஆர்.எக்ஸ். 100 லட்ச ரூபாயைத் தாண்டி விற்கிறது. ராஜ்தூத் 350 அதற்கும் பன்மடங்கு மேலே போய்விட்டது.

இந்த விலையைக் கண்டே மலைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வாங்கிய விலை செலவின் தொடக்கமே. எஞ்சினை இறக்கினால் சிலிண்டரை ரீபோர் செய்து புதுப் பிஸ்டன் போட வேண்டும். கிராங்கைப் பிரித்துப் புது ராடும் பேரிங்கும் பொருத்த லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். ஆயில் சீல், கிளட்ச் பிளேட், செயின் ஸ்பிராக்கெட் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். துருவேறிய சைலன்சரும் ஹாண்டில்பாரும் மீண்டும் பளபளக்கச் செம்பும் நிக்கலும் பூசி அதன்மேல் குரோம் பூச வேண்டும். இதை ஒழுங்காகச் செய்யும் பட்டறைகள் குறைந்துவிட்டன, செய்பவர்கள் கேட்கும் கூலியோ அதிகம். சென்னையில் புதுப்பேட்டையும், டில்லியில் மாயாபுரியும், கல்கத்தாவில் மல்லிக் பஜாரும் பழைய பாகங்களைத் தேடுவோரின் க்ஷேத்திரங்கள். ஆனால் அங்கும் அசல் பாகம் அபூர்வமாகி, டூப்ளிகேட் மலிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளாட்டினம் பாயின்ட்டின் இடைவெளியைச் சரிசெய்து, ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் கோளாற்றைச் சொல்லக்கூடிய முதிய மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். அவர்கள் இடத்துக்கு வரும் இளைஞர்கள் புதிய வண்டிகளின் மின்னணுச் சாதனங்களைப் பயின்றவர்கள்.

பாகம் கிடைக்காத இந்தக் கஷ்டத்திலிருந்தே வண்டிகளின் தொகை பெருகும் விபரீதமும் பிறக்கிறது. ஒரு யெஸ்டி வைத்திருப்பவர், ஸ்பேருக்கு உதவும் என்று ஓடாத மற்றொரு யெஸ்டியை மலிவாக வாங்குகிறார். வாங்கிக் கொணர்ந்து பார்த்தால், அதன் சேசிஸ் தம்முடையதைவிட நன்றாக இருக்கக் காண்கிறார். அதை உடைக்க மனம் வராமல் அதையும் ஓட வைக்க முற்பட்டு, அதற்கு ஸ்பேராக மூன்றாவதைத் தேடுகிறார். இவ்விதம் ஐந்தாறு ஆண்டுகளில் ஓடும் வண்டி ஒன்றும், பாதி பிரிக்கப்பட்டவை மூன்றும், எந்த வண்டியுடையது என்று அடையாளம் தெரியாத பாகங்கள் நிறைந்த மூட்டைகளும் வீட்டில் சேர்ந்துவிடுகின்றன.

இடத்தின் கணக்கையும் சற்றுப் பார்ப்போம். புல்லட் ஒன்று ஏறத்தாழ ஏழடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உள்ளது. எடை 160 கிலோவுக்கு மேல். ஐந்து வண்டிகளை நிறுத்தி, நடுவே ஒருவர் நுழைந்து ஒன்றை வெளியே எடுக்க வழிவிட்டால், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று முற்றிலும் நிரம்பிவிடும். நகரத்தில் வாடகையோ மனை விலையோ அறிந்தவர்களுக்கு அந்த அறையின் மதிப்பை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதனினும் முக்கியமானது அபாயம். பெட்ரோல் ஆவி தங்கும் மூடிய அறை எக்காலத்தும் பயத்துக்குரியது. இங்கிலாந்தில் சோலிஹல் நகருக்கருகே உள்ள தேசிய மோட்டார் சைக்கிள் காட்சிசாலையில் 2003-ஆம் ஆண்டு செப்டம்பரிலும், ஆஸ்திரியாவில் ஹோக்குர்கல் மலைச்சாலைக் காட்சிசாலையில் 2021-ஆம் ஆண்டு ஜனவரியிலும் தீப்பற்றி, அருமையான வண்டிகள் பல சாம்பலாயின. காவலும் கருவிகளும் உள்ள இடங்களுக்கே இக்கதி நேருமென்றால், குழந்தைகள் உறங்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் டாங்கி நிறையப் பெட்ரோலோடு பல வண்டிகளை வைப்பது உசிதமாகாது.

ஓட்டாமல் நிறுத்திவைத்தால் வண்டி தேயாது என்பது பலருடைய நம்பிக்கை. உண்மை இதற்கு நேர் விரோதம். நின்ற வண்டியின் கார்புரேட்டரில் பெட்ரோல் வற்றிப் பிசினாகி நுண்ணிய ஜெட்டுகளை அடைத்துக்கொள்கிறது. இப்போது நமக்குக் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது; அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து டாங்கியின் உட்புறத்தைத் துருப்பிடிக்கச் செய்வதோடு, அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் கெடுத்துவிடுகிறது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்கின் ஆயில் சீல் உலர்ந்து சுருங்கினால், அதன் வழியே வேண்டாத காற்று புகுந்து, எரிபொருள் கலவை நீர்த்து, ஓடும்போது பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பாட்டரி தானே இறங்குகிறது. டயர் ஒரே இடத்தில் அமுங்கி வெடிப்பு விடுகிறது. ஏர் ஃபில்டருக்குள் எலி கூடு கட்டுகிறது. மாடு வாங்குகிறவன் தீவனத்தையும் சேர்த்தே கணக்கிடுவதுபோல, வண்டி வாங்குகிறவர் அதற்குத் தர வேண்டிய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பத்து வண்டிகளை மாதம் இருமுறை வெளியே எடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுவதென்றால், உத்தியோகத்திலுள்ள ஒருவருக்கு அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்கே சரியாகிவிடும்.

சட்டமும் தன் பங்கைக் கேட்கிறது. முதற்பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் 1,000 ரூபாயாக உயர்ந்த புதுப்பிப்புக் கட்டணம், 20 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்கு 2025-இல் 2,000 ரூபாயாயிற்று. சாலையில் இறங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் தனித்தனியே வேண்டும். 50 ஆண்டு கடந்து, அசல் உருவம் மாறாத வண்டிகளைப் புராதன வண்டிகளாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி செய்தது. அதற்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குப்பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அவ்வாறு பதிவானதைக் கண்காட்சி, அணிவகுப்பு முதலியவற்றுக்கு அன்றி நாள்தோறும் ஓட்டக்கூடாது. 1983-இன் ராஜ்தூத் 350 இந்தத் தகுதியைப் பெற 2033 ஆக வேண்டும், முதல் ஆர்.எக்ஸ். 100-க்கு 2035. அதுவரை இவை சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய வண்டிகளே.

பிற்காலத்தில் நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. 1908-ஆம் ஆண்டு செய்த ஹார்லி டேவிட்சன் ஒன்று 2023-இல் லாஸ் வேகாஸ் ஏலத்தில் 9,35,000 டாலருக்குப் போனது மெய்தான். ஆனால் அது உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க வண்டிகளில் ஒன்று, பல்லாயிரக்கணக்கில் செய்து விற்ற வண்டிகளுக்கு அந்த யோகம் வாய்க்காது. அதே ஆண்டில் அமெரிக்காவில் அயோவா மாநிலத்து அனமோசா நகரிலிருந்த தேசிய மோட்டார் சைக்கிள் காட்சிசாலை மூடப்பட்டு, அதன் சேகரம் ஏலத்தில் சிதறியதையும் இவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு ஸ்தாபனத்தாலேயே தாங்க முடியாமற்போன பாரத்தைத் தனி மனிதரின் குடும்பம், அதிலும் அந்த ரசனையே இல்லாத வாரிசுகள், எவ்வாறு தாங்குவார்கள்?

ஆகையால் சேகரிப்பவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே. உங்களால் மாதந்தோறும் ஓட்ட முடிந்த அளவே வண்டிகளை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர்க்கு அது இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் இராது. ஒன்றை முழுவதும் முடிக்காமல் மற்றொன்றைத் தொடாதீர்கள். எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துவராத வண்டி எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். ஒவ்வொரு வண்டிக்கும் செய்த வேலையையும் செலவையும் ஒரு நோட்டில் எழுதி, வீட்டாரும் பார்க்கும்படி வையுங்கள். மிகுதியாக உள்ளவற்றை, அவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு நியாயமான விலையில் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் வேலை தெரிந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் அவர்களை அழைத்துச் சென்று அறிமுகம் செய்துவையுங்கள். பத்து வண்டிகளைப் பூட்டிவைத்தவரைவிட, ஒரே வண்டியை ஒழுங்காக ஓட்டி, அதன் வித்தையையும் மற்றொருவருக்குக் கற்றுக்கொடுத்தவரே அந்தச் சரித்திரத்தைக் காப்பாற்றியவர்.