திருகுப்பிடிக்குள் ஓர் அலை

தீபாவளிக்கு முன் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தோடு கடலூர், சிதம்பரம் வட்டாரத்திலிருந்து வரும் வாசகர் கடிதங்களில், பிளேடேட் என்னும் மஞ்சள் நிறக் கையடக்க விளையாட்டுக் கருவியின் பக்கவாட்டுக் கைப்பிடி பற்றிய குழப்பமே மிகுதி. சாவி கொடுத்து ஓட்டும் பொம்மையைப் போல அதைச் சுற்றினால் பேட்டரி நிறையும் என்று பலர் எண்ணுகின்றனர். சார்ஜ் ஏறுவது யூஎஸ்பி கம்பி வழியாகத்தான். கைப்பிடி எத்தனை பாகை சுழன்றது என்பதை ஓர் உணரி கருவிக்குத் தெரிவிக்கிறது, அவ்வளவே.

அமெரிக்காவின் பேனிக் நிறுவனம் 2022 ஏப்ரலில் வெளியிட்ட இக்கருவியோடு, வாரத்துக்கு இரண்டாக 12 வாரங்களில் 24 விளையாட்டுகள் வந்து சேரும் ஏற்பாட்டுக்குப் 'பருவம்' என்று பெயர். கருவியின் விலையில் அடங்கிவிட்ட ஒன்றை இலவசம் என்று கொள்வதற்கில்லை. முதல் வாரத்திலேயே வருவது, ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள சூஹாய் லேப்ஸ் உருவாக்கிய 'ஒயிட்வாட்டர் வைப்அவுட்'. அலைச்சறுக்கில் நிலைதவறி நீரில் விழுவதே வைப்அவுட் எனப்படுகிறது.

இதன் நுட்பம் முழுவதும் கைப்பிடியில் இருக்கிறது. பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் கட்டளை நின்றுவிடும், ஜாய்ஸ்டிக் விட்டவுடன் நடுநிலைக்குத் திரும்பிவிடும். இக்கைப்பிடிக்கோ நடுநிலை என்பதே கிடையாது என்பதால், கை எந்த அளவு சுற்றுகிறதோ அந்த அளவே சறுக்குப்பலகையும் திரும்பி, கை நின்ற இடத்தில் தானும் நிற்கிறது. சரிவில் இறங்கி வேகம் சேர்த்து, முகட்டைத் தாண்டி எழும்பி, அந்தரத்தில் சுற்றினால் மதிப்பெண் கூடும். ஆனால் இறங்கும்போது பலகையின் கோணம் அலையின் சரிவோடு இசையாவிட்டால் ஆட்டம் அத்துடன் முடிகிறது. இன்னொரு சுற்றுக்கான ஆசையும் உரிய இடத்தில் நிறுத்தும் அடக்கமும் ஒரே கையில் மோதிக்கொள்கின்றன. தேவனாம்பட்டினத்தில் கரையோர அலையைக் கடக்கும் மீனவர், படகின் முன்முனையாகிய அணியத்தை அலைக்கு நேராகப் பிடிப்பதும், பக்கவாட்டைக் காட்டினால் படகு கவிழ்ந்துவிடும் என்பதும் இதே கோணக் கணக்குத்தான். குறையும் இங்கேயே உள்ளது: திருகையில் மாவரைப்பவருக்குக் கல்லின் கனம் கையில் தெரியும், இக்கைப்பிடியில் அலையின் கனம் தெரிவதில்லை, கோணத்தைக் கண்ணால் மட்டுமே அறிய வேண்டியிருக்க, திரைக்கோ பின்னொளி கிடையாது.

இன்னும் சில கேள்விகள். வண்ணம் உண்டா? கறுப்பும் வெள்ளையும் மட்டுமே.

இணையம் வேண்டுமா? பதிவிறக்குவதற்கு வேண்டும், ஆடுவதற்கு வேண்டாம்.

முற்றிலும் புதிய கற்பனையா? இல்லை, 1987இன் 'கலிபோர்னியா கேம்ஸ்' தொகுப்பிலேயே அலைச்சறுக்கு இருந்தது, 1989இல் அடாரி லிங்க்ஸ் கையடக்கக் கருவிக்கும் அது வந்தது.

இதை ஆடினால் கடலில் சறுக்க வருமா? வராது, அதற்குக் கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோதான் போக வேண்டும்.

கருவியின் விலை? அறிமுகத்தின்போது 179 டாலர், பிறகு உயர்ந்துவிட்டது, சுங்கவரி தனி.

சில நிமிட ஆட்டமாக 'ஒயிட்வாட்டர் வைப்அவுட்' கைப்பிடிக்கு நியாயம் செய்கிறது என்றாலும், அதில் உள்ளது ஒரே அலைதான். மற்ற 23 விளையாட்டுகளிலும் நாட்டமில்லாதவர் இந்த ஒன்றுக்காக அவ்வளவு பணம் கொடுக்கத் தேவையில்லை.