கறுப்புக் கையுறை அணிந்த விஞ்ஞானி

அறிவியல் புனைவுத் திரைப்படங்களில் ‘பித்துப்பிடித்த விஞ்ஞானி’ எனப்படுபவர், பேரறிவு படைத்திருந்தும் தம் ஆய்வின் விளைவுகளுக்குப் பொறுப்பேற்க மறுப்பவர். இப்பாத்திரத்துக்கு நிலைத்த உருவம் தந்த படங்களுள் முக்கியமானது, ஃபிரிட்ஸ் லாங் இயக்கத்தில் 1927இல் ஜெர்மனியில் வெளியான ‘மெட்ரோபொலிஸ்’ என்னும் மௌனப்படமாகும். அதில் வரும் ரோட்வாங், தாம் காதலித்து இழந்த ஹெல் என்ற பெண்ணுக்கு ஈடாக ஓர் இயந்திர மனுஷியைப் படைக்கும் முயற்சியில் வலக்கையைப் பறிகொடுத்து, கறுப்புக் கையுறையிட்ட செயற்கைக் கையோடும் கலைந்த முடியோடும் உலவுகிறார். ஸ்டான்லி குப்ரிக் இயக்கத்தில் 1964இல் வெளியான படத்தில், அரசுக்குப் போர் ஆலோசனை கூறும் விஞ்ஞானியாக வரும் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவும் வலக்கையில் கறுப்புக் கையுறை அணிந்திருக்கிறார். அக்கையோ அவரை மீறி நாஜி வணக்கம் செய்ய எழுகிறது. தனியொருவரின் ஆய்வகத்திலிருந்த ஆபத்து, அணுகுண்டுக் காலத்தில் அரசின் போர் ஆலோசனை அறைக்கே வந்துவிட்டதால், அறிவியலை யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்பது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமையாகிறது.